வலுவிழந்தது எது?

2024 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை மதியம் சித்தப்பா போன் செய்தார். ஊர் முண்டியம்பாக்கத்தை ஒட்டியது. விழுப்புரம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: சென்னையிலிருந்து திருச்சி போகும் நெடுஞ்சாலையில் விக்கிரவாண்டி தாண்டியதும் வரும் ஊர். அரசு மருத்துவக் கல்லூரி, சர்க்கரை ஆலை, ஒரு சின்ன ரயில் நிலையம்.

"தம்பி, மோட்டார் கொட்டாயில வெத மல்லாட்ட மூட்ட பதினொண்ணு கெடக்குது. மழ உடாம ஊத்துது. டிராக்டர் வச்சி மேட்டுத் தெருவுக்கு ஏத்திடவா? டிராக்டர்காரன் இப்ப வரேன்றான், அப்புறம் வரமாட்டான்."

(எங்கள் பக்கத்தில் நிலக்கடலைக்கு மல்லாட்டை என்றுதான் பெயர். மார்கழிப் பட்டத்துக்கு எடுத்து வைத்த விதை அது.)

நான் லேப்டாப்பில் வானிலை அறிக்கையைத் திறந்தேன். ஃபெஞ்சல் புயல் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக வலுவிழந்துவிட்டது என்று முதல் வரியிலேயே இருந்தது. "வலுவிழந்துடுச்சி சித்தப்பா. இனிமே ஒண்ணும் இல்ல. டிராக்டர் காசு எதுக்கு வீணா?" என்றேன். வீட்டில் நான்தான் பி.இ. படித்தவன். அவர் நம்பினார்.

அன்று இரவு தண்ணீர் வந்தது. விடியற்காலையில் மோட்டார் கொட்டாயில் இடுப்பளவு நின்றது. பதினொரு மூட்டையும் போச்சு. திங்கட்கிழமை காலை ரயில் பிடித்து ஊருக்குப் போகலாம் என்று பார்த்தால், விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே உள்ள ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டிவிட்டது என்று ரயில்களை நிறுத்திவிட்டார்கள். சில ரயில்கள் ரத்து, சில வேறு வழியில். தென் தமிழ்நாட்டுக்கும் சென்னைக்கும் நடுவே உள்ள முக்கிய ரயில் பாதை எங்கள் ஊர்ப் பாலத்தில் அறுந்து கிடந்தது.

சித்தப்பா திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார். "வலு போச்சின்னு சொன்னியே தம்பி, எதோட வலு போச்சி?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் படித்ததுதான் இந்தக் கட்டுரை. பதில் ஒரு ஆங்கில வினைச்சொல்லுக்குள் இருக்கிறது.

சொல் பிறந்த கதை

வானிலை அறிக்கையின் ஆங்கில மூலத்தில் வரும் சொல் 'இன்டென்ஸிஃபை'. தமிழில் 'வலுப்பெற்றது', 'தீவிரமடைந்தது' என்று எழுதுகிறோம். அதன் எதிர்ச்சொல் 'வீக்கன்'. தமிழில் 'வலுவிழந்தது'. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தமிழ்நாட்டில் அதிகம் காதில் விழும் வினைச்சொற்கள் இவை இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

இன்டென்ஸிஃபை மிகப் பழைய சொல் இல்லை. ஆங்கிலக் கவிஞர் சாமுவேல் டெய்லர் கோல்ரிட்ஜ் 1817இல் வெளியான தன் 'பயோகிராஃபியா லிட்டரேரியா' நூலில் அதைப் பயன்படுத்தினார். பயன்படுத்தியதோடு நிற்காமல், இப்படி ஒரு சொல் ஜான்சன் அகராதியில் இல்லை என்று எனக்கும் தெரியும், ஆனாலும் வேறு வழியில்லாமல் எழுதுகிறேன் என்று அடிக்குறிப்பும் போட்டார். நியூட்டன் காலத்தில் 'இன்டெண்ட்' என்ற சொல்லே இந்தப் பொருளில் வழங்கியது. அது பிறகு 'எண்ணுதல்' என்ற பொருளுக்குப் போய்விட்டதால் அவருக்குப் புதுச்சொல் தேவைப்பட்டது. இரண்டுக்கும் மூலமான லத்தீன் சொல்லுக்கு 'இழுத்து விறைப்பாக்குதல்' என்று பொருள். வில்லில் நாணை இழுக்கிறோமே, அது மாதிரி.

கோல்ரிட்ஜ் கடல் பயணத்தையும் புயலையும் பற்றிப் புகழ்பெற்ற நெடுங்கவிதை எழுதியவர். ஆனால் இந்தச் சொல்லை அவர் உண்டாக்கியது புயலுக்காக இல்லை, மனம் இயங்கும் விதத்தைப் பற்றிப் பேசத்தான். ஆங்கிலத்தில் இன்றைக்கும் அது எதற்கும் வரும். வலி இன்டென்ஸிஃபை ஆகும், போர் ஆகும், மழையும் ஆகும். எது கூடியது என்பதை அந்தச் சொல் சொல்லாது. எழுவாய்தான் சொல்லும்.

வானிலைத் துறை அந்தச் சொல்லை எடுத்து ஒரே ஒரு அளவோடு கட்டிப் போட்டது. நான் கோட்டை விட்டது அங்கேதான்.

அளவு ஒன்றுதான்: காற்று

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வகைப்பாட்டை ஒரு ஏணி மாதிரி பார்க்கலாம். சுழலின் மையத்தைச் சுற்றி, தரையை ஒட்டி, தொடர்ந்து வீசும் காற்றின் அதிகபட்ச வேகம் மணிக்கு 31 கிலோமீட்டருக்குக் கீழே இருந்தால் தாழ்வுப் பகுதி. 31 முதல் 49 வரை தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62 முதல் 88 வரை புயல். 89 முதல் 117 வரை தீவிரப் புயல். 118இலிருந்து 166 வரை மிகத் தீவிரம், 167இலிருந்து 221 வரை அதி தீவிரம், 222ஐத் தொட்டால் சூப்பர் புயல்.

ஒரு படியிலிருந்து மேல் படிக்கு ஏறினால் இன்டென்ஸிஃபை. கீழ்ப் படிக்கு இறங்கினால் வீக்கன். அவ்வளவுதான். மழை இந்த ஏணியில் எங்குமே இல்லை.

என் தொழில் பாஷையில் சொன்னால், இது ஒரே ஒரு வேரியபிளை வைத்து முடிவாகும் ஸ்டேட்டஸ். அந்த வேரியபிள் காற்றின் வேகம். மழைக்குத் தனி வேரியபிள், தனி அளவுகோல். 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால் கனமழை, 115.6ஐத் தொட்டால் மிக கனமழை, 204.4ஐத் தாண்டினால் அதி கனமழை. அந்த அளவுகோலுக்கும் இந்த ஏணிக்கும் சம்பந்தமே கிடையாது. ஒன்று இறங்கும்போது இன்னொன்று ஏறலாம்.

நான் அன்றைக்குச் செய்தது, முதல் ஸ்டேட்டஸைப் பார்த்துவிட்டு டிக்கெட்டை மூடியது. அதே அறிக்கையில் கீழே மழை எச்சரிக்கை தனியாக இருந்தது. நான் ஸ்க்ரோல் செய்யவில்லை. அறிக்கை எழுதியவர்கள் மேல் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

ஏன் காற்றை மட்டும் அளந்தார்கள்?

இதற்குப் பதில் கடலில் இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் போனால் புதுச்சேரி. 1761 ஜனவரி 1. பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரியை ஆங்கிலேயர்கள் தரையிலும் கடலிலும் முற்றுகை இட்டிருந்தார்கள். அன்று அடித்த புயலில் கடலில் நின்ற ஆங்கிலேயக் கப்பல்கள் பல மூழ்கின, பல கரை தட்டின. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாலுமிகள் செத்தார்கள். ஆனாலும் மீதிக் கப்பல்கள் முற்றுகையைத் தொடர, பதினைந்து நாளில் புதுச்சேரி விழுந்தது.

அந்தக் காலத்தில் புயலைப் பற்றி அக்கறையோடு எழுதி வைத்தவர்கள் கப்பல்காரர்கள். பாய்மரக் கப்பலுக்கு எமன் காற்றும் அது எழுப்பும் அலையும்தான். நடுக்கடலில் ஒரு மீட்டர் மழை பெய்தாலும் கப்பலுக்கு என்ன? பாத்திரத்தில் பிடித்துக் குடித்துக்கொள்ளலாம். 1805 வாக்கில் ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபோர்ட் காற்றின் வேகத்துக்கு ஒரு எண் வரிசை போட்டார். கப்பலில் எத்தனை பாயை விரிக்கலாம், எதைச் சுருட்டணும் என்பதுதான் அதில் கணக்கு.

'சைக்ளோன்' என்ற சொல்லும் மாலுமிகளுக்காகப் பிறந்ததுதான். கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன், வங்கக் கடலில் சிக்கிய கப்பல்களின் பதிவேடுகளைத் தேடித் தேடிப் படித்தவர். 1848இல் மாலுமிகளுக்கான கையேடு ஒன்றை வெளியிட்டார். பாம்பு சுருண்டு கிடப்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து சைக்ளோன் என்ற பெயரை எடுத்தார். காற்று எந்தப் பக்கம் சுழல்கிறது என்று தெரிந்தால் கப்பலைத் தப்ப வைக்கலாம் என்பது அவர் நோக்கம்.

1864இல் கல்கத்தாவைப் பெரும்புயல் அழித்தது. அடுத்த ஆண்டு கல்கத்தா துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை முறை வந்தது. 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை உருவானது. நம் செய்திகளில் வரும் 'மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு' இந்த வழியில் வந்ததுதான். கடலூரிலும் நாகப்பட்டினத்திலும் துறைமுகக் கம்பத்தில் கூண்டு ஏற்றுவது, கடலில் இருக்கும் கப்பல் பார்த்துக்கொள்வதற்கு. சின்ன வயதில் எங்கள் ஊர் டீக்கடையில் "கடலூர்ல கூண்டு ஏத்திட்டாங்க" என்று பேசிக்கொள்வார்கள். முண்டியம்பாக்கத்தில் கப்பலும் இல்லை, கம்பமும் இல்லை. ஆனால் கப்பலுக்குச் சொன்ன செய்தியை வைத்துத்தான் நாங்கள் களத்தில் கிடந்த நெல்லை வாரினோம்.

1970களில் அமெரிக்க வானிலையாளர் வெர்னான் டுவோராக், செயற்கைக்கோள் படத்தில் மேகம் சுருண்டிருக்கும் வடிவத்தை வைத்துக் காற்றின் வேகத்தைக் கணிக்கும் முறையைக் கொண்டுவந்தார். வங்கக் கடல் புயல்களுக்கும் இதுதான் முக்கிய வழி. கருவி மாறியது. தேடிய எண் மாறவில்லை. வானத்திலிருந்து மேகத்தைப் பார்த்தும் கேட்ட கேள்வி 'காற்று எவ்வளவு?' என்பதுதான்.

இதில் தப்பு இல்லை. கடலில் இருப்பவனுக்கு இந்தச் சொல் உயிர் காக்கும் சொல். 2017இல் ஒக்கி, கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் நவம்பர் 29 அன்று தாழ்வு மண்டலமாக இருந்து, மறுநாள் காலைக்குள் புயலாகிவிட்டது. ஆழ்கடலுக்குப் போன மீனவர்கள் கரையில் இருந்து கூப்பிட முடியாத தூரத்தில் இருந்தார்கள். கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் எத்தனையோ வீடுகள் ஆண் துணை இல்லாமல் போயின. அங்கே 'வலுப்பெறுகிறது' என்ற செய்தி ஒரு நாள் முன்னால் காதில் விழுந்திருந்தால் அதன் விலை வேறு. சொல் கடலுக்குப் பொருந்துகிறது. வயல்காட்டுக்கு அதை அப்படியே கொண்டுவரும்போதுதான் இடறுகிறது.

தானேயும் ஃபெஞ்சலும்

ஒரே கரை, இரண்டு புயல். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது.

2011 டிசம்பர் 30 காலை தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறியது. மிகத் தீவிரப் புயல். காற்று மணிக்கு 140 கிலோமீட்டர் வரை. பண்ருட்டிப் பக்கம் பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் வேரோடு சாய்ந்தன. முப்பது நாற்பது வருஷம் காய்த்த மரங்கள். புதுச்சேரியில் மரம் விழாத தெரு இல்லை. எங்கள் ஊரில் கரும்பு படுத்துவிட்டது, தென்னை முறிந்தது. ஆனால் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை.

2024இல் ஃபெஞ்சல். நவம்பர் 25 தாழ்வு மண்டலம், 26 ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 27ஆம் தேதியே புயலாகும் என்று எதிர்பார்த்தார்கள், ஆகவில்லை. கடலில் தயங்கித் தயங்கி நின்றது. ஒரு கட்டத்தில் தாழ்வு மண்டலமாகவே கரையைக் கடந்துவிடும் என்றுகூடக் கணித்தார்கள். 'வலுப்பெறுமா, பெறாதா' என்று நாலு நாள் பட்டிமன்றம் மாதிரி ஓடியது. மீம்ஸ் போட்டுச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். கடைசியில் 29ஆம் தேதி பிற்பகல் புயலாகிப் பெயர் பெற்றது. 30ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையேறியபோது காற்று மணிக்கு 70 முதல் 80 கிலோமீட்டர், இடையிடையே 90.

பெயர் வைக்கும் புயல்களில் இது கடைசிப் படி. காற்று ஒரு பொருளைத் தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்தில் கூடும். 140ஐயும் 75ஐயும் வைத்துக் கணக்குப் போட்டால், தானே தள்ளிய தள்ளலில் மூன்றில் ஒரு பங்குகூட ஃபெஞ்சலுக்கு இல்லை. ஏணியை மட்டும் பார்த்தால் சோதாப் புயல்.

ஆனால் டிசம்பர் 1 காலை எட்டரைக்கு அளந்தபோது மயிலத்தில் 51 சென்டிமீட்டர். புதுச்சேரியில் கிட்டத்தட்ட 49. அதி கனமழை தொடங்கும் அளவே 20.4 சென்டிமீட்டர்தான். மயிலத்தில் பெய்தது அதைப்போல் இரண்டரை மடங்கு. ஒரு ஏக்கர் நிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை என்றால் சுமார் 20 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி 170 வந்து ஒரு ஏக்கரில் கொட்டிவிட்டுப் போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஏரி, வாய்க்கால், ஓடை எல்லாம் அன்றைக்கே நிரம்பிவிட்டன.

இதற்குப் பிறகுதான் அந்தச் செய்தி வருகிறது. 1ஆம் தேதி பகல் பதினொன்றரை மணிக்குப் புயல் ஆழ்ந்த தாழ்வு மண்டலமாக வலுவிழந்தது. அப்புறமும் படிப்படியாக இறங்கியது. அப்படி இறங்கிய பிறகுதான், கடற்கரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. திருவண்ணாமலையில் மலைச்சரிவில் மண் சரிந்து ஒரு வீட்டோடு ஏழு பேரை மூடியது. சாத்தனூர் அணையிலிருந்து 2ஆம் தேதி விடியற்காலை விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறக்கப்பட்டுத் தென்பெண்ணை இரு கரையும் புரண்டது. எங்கள் பக்கத்து ஓடைகள் ரயில் பாலத்தைத் தொட்டதும் அந்தக் காலையில்தான். எல்லாமே 'வலுவிழந்த' பிறகு.

இது எப்படி நடக்கிறது?

புயல் தரைக்கு வந்ததும் இரண்டு விஷயம் நடக்கிறது. மரம், மேடு, கட்டடம் எல்லாம் தரையோரக் காற்றை உரசிப் பிடிக்கின்றன. கீழே சூடான கடல் இல்லாததால் புதிய ஆற்றலும் கிடைப்பதில்லை. ஆகவே காற்று சீக்கிரம் தணியும். ஏணியில் இறங்கும்.

ஆனால் மழையின் மொத்த அளவு வேறு கணக்கு. மணிக்கு எவ்வளவு பெய்கிறது, எத்தனை மணி நேரம் பெய்கிறது, இரண்டையும் பெருக்கணும். எத்தனை மணி நேரம் என்பது, சுழல் எவ்வளவு வேகமாக இடம் பெயர்கிறது என்பதைப் பொறுத்தது. இங்கே ஒரு குழப்பத்தையும் தெளிவாக்கிவிடுகிறேன். புயலின் காற்று வேகம் வேறு, புயல் நகரும் வேகம் வேறு. பம்பரம் சுற்றும் வேகமும், அது தரையில் நகரும் வேகமும் மாதிரி. ஃபெஞ்சல் கரையேறிய பிறகு புதுச்சேரி அருகிலேயே மணிக்கணக்காக அசையாமல் நின்றது. சுழற்சி தளர்ந்தாலும் வங்கக் கடலிலிருந்து ஈரக்காற்றை இழுத்துக்கொண்டே இருந்தது. பிறகு மேற்கே மெல்ல நகர்ந்தபோது அந்த ஈரம் உள்மாவட்டங்களில் இறங்கியது.

இது நமக்கு மட்டும் நடப்பது இல்லை. 2017 ஆகஸ்டில் ஹார்வி சூறாவளி அமெரிக்காவின் டெக்சாஸ் கரையில் நான்காம் வகையாக ஏறியது. வேகமாகத் தளர்ந்தது. தளர்ந்து, ஹியூஸ்டன் பகுதியில் நாள்கணக்காக நின்று, சில இடங்களில் ஒன்றரை மீட்டர் மழையைக் கொட்டியது. அங்கே நகரை மூழ்கடித்தது தளர்ந்த ஹார்விதான்.

இன்னும் ஒரு படி போகலாம். 2015 டிசம்பர் 1 சென்னை வெள்ளம் யாருக்கும் மறக்காது. தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர். அந்த மழைக்குப் பெயர் இருக்கிறதா? இல்லை. அது புயலே ஆகவில்லை. ஏணியின் அடிப்படிகளிலேயே இருந்துகொண்டு ஒரு மாநகரத்தை மூழ்கடித்தது. கூண்டை மட்டும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அப்படி ஒரு ஆபத்து தெரியவே தெரியாது.

நம் பழைய சொல்

இவ்வளவும் படித்த பிறகு 'புயல்' என்ற நம் சொல்லை எடுத்துப் பார்த்தேன். கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

பழந்தமிழில் புயல் என்றால் முதலில் மேகம். மழை என்றும் பொருள். திருக்குறளில் வான்சிறப்பு அதிகாரத்தில் உழவரைப் பற்றி வரும் குறளில் புயல் என்பது மழைதான். அந்த மழை குறைந்தால் ஏர் ஓடாது என்பது கருத்து. திருமாலுக்குப் 'புயல்வண்ணன்' என்று பெயர். சூறைக்காற்றுக்கு ஏது நிறம்? கருமேகத்தின் நிறம் கொண்டவன் என்றால்தான் பொருள் வரும்.

ஆக, சைக்ளோன் என்ற சொல்லுக்குள் சுழலும் காற்று இருக்கிறது, புயல் என்ற சொல்லுக்குள் தண்ணீர் இருக்கிறது. அதை உண்டாக்கியவர் கப்பல்காரர்களுக்காக எழுதினார். இதை வழங்கியவர்கள் வானத்தைப் பார்த்து ஏர் பூட்டியவர்கள். பின்னாளில் புயல் என்ற சொல்லைப் பெருங்காற்றுக்குக் கொடுத்து, அதை இங்கிலீஷ் ஏணியின் நாலாவது படியில் உட்கார வைத்தோம். அதனால் 'புயல் வலுவிழந்தது' என்றால் மழையும் சேர்ந்து போய்விட்டது என்று கேட்கிறது. சொல்லின் பழைய ஈரம் காதில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்னவோ.

எப்படிப் பயன்படுத்துவது?

தமிழில் எழுவாயை விட்டுவிட்டுப் பேசலாம். இலக்கணத்தில் தோன்றா எழுவாய் என்பார்கள். "வந்துட்டான்" என்றால் யார் என்று இருவருக்கும் தெரியும். தெரியாதபோது ஆபத்து. "வலுவிழந்தது" என்று நான் சொன்னபோது அறிக்கையில் எழுவாய் காற்று. சித்தப்பா காதில் எழுவாய் மழை. என் மனசிலும் மழைதான், அதுதான் பிரச்சனை.

நான் எனக்கு வைத்துக்கொண்ட விதிகள் இவை. யாருக்காவது உதவினால் சந்தோஷம்.

முதலாவது, இந்த வினைச்சொல்லைத் தனியாக விடக்கூடாது. 'காற்று வலுவிழந்தது' என்று எழுவாயோடு சொல்லணும். அதை ஒட்டியே 'மழை இன்னும் இருக்கிறது' அல்லது 'மழையும் குறைகிறது' என்று இன்னொரு வாக்கியம் வரணும்.

இரண்டாவது, 'தீவிரம்' என்ற சொல்லைப் பார்த்தால் எதன் தீவிரம் என்று கேட்கணும். 'தீவிரப் புயல்' என்பதில் தீவிரம் காற்றின் வேகம். 'மழையின் தீவிரம்' என்றால் ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் என்ற கணக்கு. ஆங்கிலத்திலும் இரண்டுக்கும் 'இன்டென்ஸிட்டி' என்ற ஒரே பெயர்ச்சொல்தான். ஒரே பக்கத்தில் இரண்டும் வரும்.

மூன்றாவது, 'வலுப்பெறுமா' என்பதோடு 'நகருதா, நிக்குதா' என்றும் கேட்கணும். கடற்கரைக்காரர்களுக்கு முதல் கேள்வி முக்கியம். எங்களை மாதிரி உள்ளே இருப்பவர்களுக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

நான்காவது, அறிக்கையைக் கடைசி வரை படிக்கணும். இதை இருபது வருஷமாக லாக் ஃபைல் படிக்கிறவன் சொல்ல வேண்டியிருக்கிறது.

டிசம்பர் நடுவில் ஊருக்குப் போனபோது சித்தப்பா கொட்டாய்க்கு வெளியே வெயிலில் மல்லாட்டையைக் கொட்டிக் காய வைத்திருந்தார். எல்லாம் முளை விட்டும் பூஞ்சை பிடித்தும் கறுத்திருந்தது. விதைக்கு ஆகாது, மாட்டுக்கும் போட முடியாது. அள்ளிக் குப்பையில் போட மனசு வரவில்லை போல. புது விதை வாங்க நான் பணம் கொடுத்தேன், பாதிதான் வாங்கிக்கொண்டார். "மீதி என் பங்கு. நானும் வெளிய வந்து வானத்தப் பாத்துருக்கணும்" என்றார்.

இந்த ஏணி, காற்று, மழை எல்லாவற்றையும் ஒரு தாளில் படம் போட்டு அவருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில் சொன்னார்: "அடுத்த தபா போன் பண்ணா, காத்து எம்மாம், மழ எம்மாம்னு ரெண்டாச் சொல்லு. வலுவ நானே பாத்துக்கறேன்."

அந்தத் தாள் மோட்டார் கொட்டாய் ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. சுவரில் தண்ணீர் நின்ற கோட்டுக்கு ஒரு சாண் மேலே.